மேகம் மறைத்தால் நின்றுவிடும் எலக்ட்ரோலைசர்: வரம்பை உயர்த்தலாமா?

வணக்கம். சூரிய மின்சாரத்தில் ஓடும் உங்கள் ஆல்கலைன் எலக்ட்ரோலைசர் (காரக் கரைசலில் மின்சாரம் செலுத்தி நீரை ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரிக்கும் கருவி), மேகம் வந்தாலே 'ஆக்சிஜனில் ஹைட்ரஜன்' அலாரம் அடித்து நின்றுவிடுகிறது. ஆக்சிஜனில் எவ்வளவு ஹைட்ரஜன் கலந்தால் கருவி நிற்க வேண்டும் என்ற நிறுத்த வரம்பை 2 சதவீதத்திலிருந்து 3 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதில் மட்டும் கை வைக்காதீர்கள். சுமார் 4 சதவீதத்திலேயே தீப்பற்றும் கலவை உருவாகிவிடும். மாதிரி வாயு, கலவையை அளக்கும் அனலைசருக்குப் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். திரையில் நீங்கள் பார்ப்பது பழைய கணக்கு.

மின்னோட்டம் குறைந்தால் ஆக்சிஜன் உற்பத்தி சரிகிறது. ஆனால் இரு வாயுக்களையும் பிரித்து வைக்கும் சவ்வு வழியாகவும், இரு பக்கமும் கலந்து சுற்றும் காரக் கரைசல் வழியாகவும் வந்து சேரும் ஹைட்ரஜன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. விகிதம் ஏறாமல் என்ன செய்யும்?

பிஎல்சி (கருவியை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) நிரலில், சுமை இறங்கும்போது கரைசல் பம்பின் வேகமும் இயக்க அழுத்தமும் சேர்ந்தே இறங்கும்படி செய்யுங்கள். அழுத்தம் படிப்படியாக இறங்க வேண்டும். இல்லையென்றால் வாயுவைக் கரைசலிலிருந்து பிரிக்கும் இரு பிரிகலன்களின் திரவ மட்டம் ஏறுமாறாகிவிடும். பம்ப் வேகத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு, நீர் பிரியும் செல்லின் வெப்பநிலையே எல்லை. தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சச் சுமைக்குக் கீழே போகாமல் ஒரு சிறிய பேட்டரி தாங்கினால் போதும். கிரிட் மின்சாரம் எடுத்தால் ஹைட்ரஜனுக்கான பசுமைச் சான்றிதழில் கேள்வி வரும். இவற்றையெல்லாம் செய்வதற்கு முன் தயாரிப்பாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.