கழனியில் செல்போன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஒன்றரை கிலோமீட்டர். மும்முனை கரண்ட் ராத்திரியில் எப்போது வரும் என்றே தெரிவதில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மொபைல் ஸ்டார்ட்டருக்கு மாறலாமா? இரண்டு ஏக்கர்தான், அதற்கு இந்தச் செலவு தகுமா?
– வாசகர், போளூர்

பதில்: தகும். ஆட்டோ ஸ்டார்ட்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான், கரண்ட் வந்தால் மோட்டாரை ஓட்டிவிடும். மழை பெய்து வரப்பு தளும்பி நின்றாலும் ஓடும், கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறும் காற்றை இழுத்தாலும் ஓடும், காலையில் போய்ப் பார்த்தால் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் (காயில்) கருகிக் கிடக்கும். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்பதால் பில் வந்து நம்மை உறுத்துவதில்லை, ஆனால் விடிய விடிய ஓடிய தண்ணீர் உங்கள் கிணற்றுத் தண்ணீர்தானே!

மொபைல் ஸ்டார்ட்டர் என்றால், கரண்ட் வந்ததும் போனுக்குத் தகவல் வரும், படுத்த இடத்திலிருந்தே ஓட்டலாம், இரண்டு மணி நேரத்தில் நிற்கும்படி நேரமும் வைக்கலாம். தண்ணீர் இல்லாதபோதும், மும்முனையில் ஒரு முனை (பேஸ்) போனாலும் தானே நிறுத்துமா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவுப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பெட்டிக்குள் போடும் சிம். 2ஜி சிம்மை மட்டும் எடுக்கும் பெட்டிகள் இன்னும் கடையில் இருக்கின்றன. ஜியோவில் 2ஜி கிடையாது, அதைப் போட்டுவிட்டுப் பெட்டி சரியில்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள். கிணற்று மேட்டிலேயே நின்று எந்த கம்பெனி சிக்னல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள். ரீசார்ஜ் தீர்ந்தால் மோட்டாரும் பேச்சைக் கேட்காது. இந்தக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுக்கிறது, வாங்குவதற்கு முன்பே அங்கே போய் விசாரியுங்கள்.

கேள்வி: நட்டு ஒரு மாதம் ஆகவில்லை, நெல் மஞ்சளாகிறது. போட்டோ எடுத்து ஆப்பில் போட்டால் ஒருநாள் தழைச்சத்துக் குறைவு என்கிறது, மறுநாள் ஏதோ நோய் என்கிறது. எதை நம்புவது?
– வாசகி, ஆரணி

பதில்: அவசரப்பட்டு எதையும் நம்பாதீர்கள் அம்மா. ஆப்புக்குத் தெரிவது நீங்கள் காட்டும் ஒரு இலைதான், உச்சி வெயிலில் எடுத்தால் அதுவும் வெளுத்துத் தெரியும். நீங்களோ செடியையே பார்க்கலாம். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துதான், குருத்து இலை வெளுத்தால் இரும்புச்சத்தோ கந்தகமோ குறைந்திருக்கலாம். வட்ட வட்டமாகத் திட்டுக் காய்ந்தால் தூரைப் பிரித்துப் பாருங்கள், புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தண்ணீருக்குச் சற்று மேலே தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து எடுத்த போட்டோவில் அது விழாது. அந்த நிலையில் ஆப் சொன்னதென்று யூரியாவை அள்ளிப் போட்டால் புகையானுக்கு விருந்துதான்.

தழைச்சத்துக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது, பச்சை நிறத்தை எண் போட்டுப் படிப்படியாகக் காட்டும் சாதாரண பிளாஸ்டிக் பட்டை, சார்ஜ்கூட வேண்டாம். நட்ட 14 நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, நன்றாக விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து, பத்து இலைக்கு ஒப்பிடுங்கள். இலையின் நிறம் வெள்ளைப் பொன்னி என்றால் எண் 3, மற்ற நடவு ரகங்களுக்கு எண் 4 இருக்க வேண்டும். பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே போனால்தான் யூரியா. என்னைக் கேட்டால் சின்ன விவசாயிக்கு ஆப்பைவிட இந்த அட்டை உபயோகம். ஆப் எதற்கு என்றால், போட்டோவைச் சேர்த்துவைத்து வேளாண்மை அலுவலரிடம் காட்டுவதற்கு. மருந்துக் கடைக்குப் போகுமுன் கிசான் கால் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள், 1800-180-1551, இலவசம், காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: மருந்து அடித்த அன்றைக்கே மழை கொட்டி எல்லாம் கழுவிப் போகிறது. மழைக்கு எந்த ஆப் பார்ப்பது?
– வாசகர், செய்யாறு

பதில்: மேகதூத். வானிலைத் துறை 2019-இல் கொண்டுவந்தது, தமிழில் இருக்கிறது. ஐந்து நாள் முன்கணிப்போடு, செவ்வாயும் வெள்ளியும் பயிருக்கான ஆலோசனையும் வரும். உங்கள் கழனியில் நாலு மணிக்கு மழை என்றெல்லாம் அது சொல்லாது, ஆனால் இந்த வாரம் மருந்தைத் தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்க அது போதும். கூடவே தாமினி ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இடி மின்னல் இருந்தால் எச்சரிக்கும். நடவு ஆட்களை எப்போது கரையேறச் சொல்ல வேண்டும் என்பது அதில் தெரியும்.