வாங்கிய பழைய போன் திருட்டுப் பொருள் என்றால் நானும் குற்றவாளியா?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊர்க் கடை ஒன்றில் 11,000 ரூபாய்க்குப் பழைய செல்போன் வாங்கினேன். பில் தரவில்லை; பணத்தை யுபிஐ மூலம் அனுப்பினேன். அது திருடப்பட்ட போன் என்று நேற்று காவல் நிலையத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள். எனக்கு எதுவும் தெரியாது. என் மீது வழக்கு வருமா?

பதில்: போன் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருடனுக்கு இல்லாத உரிமை கடைக்காரருக்கும் வராது, உங்களுக்கும் வராது. ஆனால் பொருளை இழப்பது வேறு, குற்றவாளியாவது வேறு.

குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317(2) பிரிவின்படி, திருட்டுப் பொருளை நேர்மையற்ற எண்ணத்துடன் பெறுவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருள் கையில் இருந்தது மட்டும் போதாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும்.

வழக்கு திரும்புவது அந்த ‘நம்பக் காரணம்’ என்ற இடத்தில்தான். 60,000 ரூபாய் போனை பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் 5,000 ரூபாய்க்கு நீட்டினால், “நான் விசாரிக்கவில்லை, அதனால் தெரியாது” என்ற வாதம் எடுபடாது. நீங்கள் வாங்கியது கடையில். பணம் போன தடம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. விலையும் சந்தை விலையை ஒட்டி இருந்தால் உங்கள் நிலை நல்ல நிலைதான். பில் இல்லாதது பலவீனம். அதை வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

எல்லாச் சட்டமும் இப்படி மனதைத் தேடுவதில்லை. 1962 நவம்பரில் சூரிச்சிலிருந்து மணிலா செல்லும் வழியில் பம்பாயில் நின்ற விமானத்தில் 34 கிலோ தங்கத்துடன் ஒரு ஜெர்மானியர் பிடிபட்டார். சில நாள்களுக்கு முன்பு வந்த புதிய கட்டுப்பாடு தனக்குத் தெரியாது என்றார். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. 317 மனதைக் கேட்கும் பிரிவு.

ஆனால் அது வாங்கிய நாளோடு கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. நேற்றிலிருந்து உங்களுக்கு விஷயம் தெரியும். இனி போனை ஒளித்து வைத்தாலோ வேறொருவருக்கு விற்றாலோ, அன்று இல்லாத குற்ற மனம் இன்று வந்துவிடும். பயத்தில் போனை வாய்க்காலில் வீசுகிறவர்களும் உண்டு. அதைவிட மோசமான யோசனை இல்லை.

ஆகவே நேரில் சென்று போனை ஒப்படையுங்கள்; கைப்பற்றியதற்காகக் காவலர்கள் எழுதும் பதிவான மகஜரின் நகலைக் கேளுங்கள். கடையின் பெயர், யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் கொடுங்கள். திருட்டு நடந்த சில நாள்களிலேயே பொருள் ஒருவரிடம் இருந்து, அது வந்த வழியை அவரால் சொல்ல முடியாவிட்டால், அவருக்கு எதிராக அனுமானிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அதனால் மழுப்பல் வேண்டாம். எழுத்து மூலம் நோட்டீஸ் வந்தால் குறித்த நாளில் ஆஜராகுங்கள். கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது தனி வழி. அதற்கும் அந்த யுபிஐ பதிவே ஆதாரம்.

அடுத்த முறை பழைய போன் வாங்கும்போது *#06# அழுத்தி, திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.