புழுத்துளை வழியாகப் பழைய காலத்துக்குப் போக முடியுமா?

புழுத்துளை என்பது வெளியில் தூரமாக இருக்கும் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி; கணக்கில் மட்டும் இருப்பது. அதன் வழியாகப் பழைய காலத்துக்குப் போவதைக் கணக்கு ‘முடியாது’ என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போக நினைக்கும் பழைய காலத்துக்கு அது கூட்டிப்போகாது.

முதலில் வேகம்: ஒளியை எதுவும் முந்த முடியாதே, புழுத்துளையில் போகிறவர் மட்டும் எப்படி? எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில். வளவு வழியாக ஆற அமர நடப்பவர், தெருவைச் சுற்றி சைக்கிளில் வருபவரை முந்திவிடுவார். புழுத்துளையும் அப்படித்தான். உள்ளே போகிறவர் தன் கூடவே வரும் ஒளியை முந்துவதில்லை. வெளியே சுற்றி வரும் ஒளியைத்தான் முந்துகிறார்.

1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்புச் சமன்பாட்டில் கண்ட பாலம் இது. ஒளி கடப்பதற்குள்ளேயே அது அறுந்து மூடிக்கொள்ளும் என்று 1962-இல் இயற்பியலாளர்கள் வீலரும் ஃபுல்லரும் காட்டினார்கள். திறந்தே வைக்க எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தைவிடவும் குறைந்த ஆற்றல், வேண்டும் என்றார்கள் 1988-இல் மோரிஸும் கிப் தோர்னும். ஒரு மீட்டர் வாய்க்கே ஏறக்குறைய வியாழன் கோளின் நிறை, அதுவும் மைனஸில்! ஆய்வகத்தில் காசிமிர் விளைவில் (வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுப்பது) தெரிவதோ துளியிலும் துளி.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைப்போம். துளையின் இரண்டு வாய்களில் ஒன்றை ஒளிவேகத்தை ஒட்டி இழுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்தால், வேகமாகப் போனதற்கு நேரம் மெதுவாக ஓடும் என்பதால், அதன் கடிகாரம் பின்தங்கியிருக்கும். ஆனால் துளைக்குள்ளே பார்த்தால் இரண்டு வாயின் கடிகாரமும் ஒன்றாகவே ஓடும். வெளியே 2050, அந்த வாயில் 2040 என்றால், அதில் நுழைகிறவர் நகராத வாய் வழியாக 2040-இல் வெளியே வருவார்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். துளை உண்டாவதற்கு முந்தைய நாளுக்கு இதில் வழியே கிடையாது. “ரங்கூன்ல ஐயா வச்சிருந்த வட்டிக்கடையப் பாத்துட்டு வரலாமாப்பா?” என்று என் அப்பத்தா கேட்டபோது, ‘அப்பவே யாராவது ஒரு துளை போட்டு வச்சிருக்கணும் அப்பத்தா’ என்றுதான் சொல்ல முடிந்தது. “செட்டியாரு வட்டிக்கணக்குத்தான் போடுவாரு, துளையா போடுவாரு” என்று போய்விட்டார்.

அந்த 2040 பயணத்தையும் இயற்கை விடாது என்பது ஹாக்கிங்கின் ஊகம் (1992). வெற்றிடத்தின் குவாண்டம் அதிர்வுகள் (வெற்றிடத்திலும் ஓயாத நுண்ணிய ஆற்றல் துடிப்புகள்) துளைக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிப் பெருகி, கால இயந்திரம் ஆகும் தருணத்திலேயே அதை உடைத்துவிடும் என்றார். நானும் அவர் கட்சிதான். ஆனால் அது நிரூபணம் ஆகவில்லை. அதற்கு ஈர்ப்பையும் அணுவுலக விதிகளையும் சேர்த்துச் சொல்லும் குவாண்டம் கொள்கை வேண்டும், அது இன்னும் யார் கையிலும் முழுசாக இல்லை.