ரத்தக்கட்டுதான், ஆனால் உருவக் கூடாது

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்குச் சின்ன மாந்தோப்பு இருக்கிறது. காய் பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்ததில் என் கணவருக்கு (46) முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. பெரிதாகக் கிழிக்காமல், துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்து 2 ஸ்க்ரூ வைத்தார்கள். 12 நாள் ஆகிறது. நேற்றிலிருந்து கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது. ரத்தக்கட்டாக இருக்கும், எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டால் போய்விடும் என்கிறார் மாமியார். துளைதானே போட்டார்கள், இதில் என்ன ஆகிவிடும்?
வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கடிதத்தில் கைபேசி எண்ணையும் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று, அம்மா. இதழ் அச்சாகும்வரை காத்திருக்கிற விஷயமா இது? அன்றைக்கே கூப்பிட்டு, காலைத் தேய்க்காமல் உடனே கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ரத்தம் உறையாமலிருக்க ஊசி ஆரம்பித்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. மற்ற வாசகர்களுக்காக இங்கே விவரமாக எழுதுகிறேன்.

மாமியார் சொன்னது பாதி சரி. ரத்தம் கட்டியதுதான். ஆனால் அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் கன்றிப்போகுமே, அந்த ரத்தக்கட்டு இல்லை. காலின் ஆழத்தில் ஓடும் சிரை என்ற ரத்தக்குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்திருக்கிறது. நடக்கும்போது கெண்டைச் சதைதான் பம்ப்செட் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். படுத்தே கிடந்தால் அது ஓடாது. போதாததற்கு எலும்பு முறிவும் ஆபரேஷனும் ரத்தத்தை உறையத் தூண்டும். அந்தக் காலை அழுத்தி உருவினால் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசிக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைப் பெரும்பாலும் 3 மாதமாவது சாப்பிடச் சொல்வார்கள். அதுவரை மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, ரத்தக்கசிவு வரலாம்.

துளை சின்னதுதான். உள்ளே உடைந்திருப்பதோ உடம்பின் பாரத்தைத் தாங்குகிற எலும்பு. கேமராவில் தெளிவாகத் தெரிய மூட்டுக்குள் நீரைச் செலுத்துவார்கள். சில சமயம் அது முறிவின் விரிசல் வழியே கெண்டைச் சதைக்குள் இறங்கி இறுக்கும். முதல் ஓரிரு நாளில் தாங்கமுடியாத வலி, விரலை அசைத்தால் உயிர் போகிற வலி என்றால் அதுவாக இருக்கலாம், அவசரம். உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குவது, துளையில் சீழோ நீரோ கசிவது, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். துளையைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு மரத்துப்போனால் பயம் வேண்டாம், தோல் நரம்பின் சின்னக் கிளைதான்.

அப்புறம் மூட்டு விறைப்பு. எனக்குக் கவலை இதில்தான் அதிகம். வலிக்குப் பயந்து காலை நீட்டியே வைத்திருந்தால் பிறகு சம்மணம் போட முடியாது. எவ்வளவு மடக்கலாம் என்று ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் கேட்டு, அந்த அளவுக்குத் தினமும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். காலை ஊன்றுவது மட்டும் எக்ஸ்ரே பார்த்து அவர் சொன்ன பிறகுதான். அதற்கே 6 முதல் 12 வாரம் ஆகலாம் என்பதால், தோப்பில் மிச்சமிருக்கும் காய்க்கு ஆள் பேசிவிடுங்கள்.