குல்ஃபி கல்லானதற்குக் கத்தி என்ன செய்யும்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 58 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மனுஷருக்கு ஐஸ் என்றால் உயிர். பேரனுக்கு வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு வந்து பாதியை இவரே முடித்துவிடுவார். அதனால் வீட்டிலேயே சீனி இல்லாமல் செய்து கொடுப்போம் என்று, ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி, நாலு ஸ்பூன் பால் பவுடர், ஒரு ஸ்பூன் சோள மாவு சேர்த்து, சீனிக்குப் பதிலாக ஸ்டீவியா இலைச் சாற்றுச் சொட்டு விட்டு எட்டு அச்சில் ஊற்றி வைத்தேன். மறுநாள் பார்த்தால் கருங்கல். நெம்பியதில் கத்தி முனை மடங்கியதுதான் மிச்சம். எங்கே தப்பு செய்தேன்? கருப்பட்டி போட்டால் இளகும், சர்க்கரைக்காரர்களுக்கும் ஆகும் என்கிறாள் என் நாத்தனார். பேசாமல் கடையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்பதையே வாங்கிவிடலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தப்பு உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, சகோதரி. சீனியை இனிப்பு என்று மட்டும் நினைத்து எடுத்துவிட்டீர்கள், அது ஐஸில் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் குச்சி ஐஸை உறிஞ்சியது நினைவிருக்கிறதா? நிறமும் இனிப்பும் முதல் நாலு இழுப்பில் வாய்க்குள் வந்துவிடும், குச்சியில் வெள்ளை வெளேர் என்று சப்பென்ற பனிக்கட்டி மட்டும் நிற்கும். அதில்தான் விஷயமே இருக்கிறது. தண்ணீர் உறையும்போது சீனியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது, ஓரமாகத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட சீனிப்பாகு ஃப்ரீசர் குளிரிலும் முழுதாக உறையாமல் பனித்துகள்களுக்கு நடுவே ஈரமாக ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் ஐஸ்கிரீமில் ஸ்பூன் இறங்குகிறது, குல்ஃபியைப் பல்லால் கடிக்க முடிகிறது. ஸ்டீவியா சீனியைப்போல 200 முதல் 300 மடங்கு இனிக்கும், சரி, ஆனால் நீங்கள் விட்டது பத்து சொட்டு. நூறு கிராம் சீனி செய்த வேலையைப் பத்து சொட்டு எப்படிச் செய்யும்? இனிப்பு வந்துவிட்டது, இளக்கம் வரவில்லை. சீனிக்குப் பதிலாக விற்கும் சுக்ராலோஸ் பொடிக்கும் இதே கதைதான்.

அப்புறம் இன்னொன்று, கல்லானதைவிட இதுதான் எனக்கு உறுத்தியது. சீனி போடவில்லை என்பதால் அந்தக் குல்ஃபியில் சர்க்கரையே இல்லை என்று நினைத்துக் கொடுத்திருப்பீர்கள். பாலில் லாக்டோஸ் என்ற இயற்கைச் சர்க்கரை இருக்கிறது, லிட்டருக்குக் கிட்டத்தட்ட 50 கிராம். சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், லாக்டோஸ் அப்படியே பாத்திரத்தில் இருக்கும். பால் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ், சோள மாவு முழுக்க ஸ்டார்ச். எல்லாம் சேர்த்தால் எழுபது கிராம் பக்கம் வரும், எட்டால் வகுத்தால் அச்சுக்கு எட்டு ஒன்பது கிராம். சீனி போட்டிருந்தால் இருபதைத் தாண்டியிருக்கும், அதோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். ஆனால் ‘இதில்தான் ஒன்றும் இல்லையே’ என்று அவர் ஒரே மூச்சில் மூன்றை முடித்துவிட்டார் என்றால் வித்தியாசம் போயே போச்சு.

உங்கள் நாத்தனார் கோபித்துக்கொள்ளக் கூடாது. கருப்பட்டி போட்டால் இளகும், உண்மை. ஏன் இளகும்? அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது அதே சீனிதான், அதனால் இளகும். வாசனை உண்டு, கொஞ்சம் தாது உப்பு உண்டு, அதற்காக இரத்தத்தில் ஏறாமல் இருக்காது. வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழ விழுது எல்லாம் ஒரே குடும்பம்தான். ‘இயற்கை’ என்று பெயர் வைத்ததால் சர்க்கரை நோய்க்கு ஒன்றும் கண் தெரியாமல் போய்விடாது.

கடை விஷயம். ‘சுகர் ஃப்ரீ’, ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்று முன்பக்கம் பெரிதாக இருப்பதை விடுங்கள், டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள், மால்டோடெக்ஸ்ட்ரின், மால்டிட்டால் என்ற பெயர்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலாவது சீனி மாதிரியே வேகமாக ஏறும் மாவுப்பொருள். இரண்டாவது சீனியைவிடக் குறைவாக ஏற்றும், ஆனால் ஏற்றும், அதோடு அதிகம் சாப்பிட்டால் வயிறு பேச ஆரம்பித்துவிடும். ஒரு கல்யாண வீட்டில் ‘சர்க்கரைக்காரர்களுக்கு’ என்று தனியாக வைத்திருந்ததை நான் ஆசைக்கு மூன்று கப் சாப்பிட்டுவிட்டு, முகூர்த்தத்தைப் பார்க்காமல் எங்கே இருந்தேன் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

இளக்கத்துக்கு, சீனிக்குப் பதிலாக விற்கும் எரித்ரிட்டால் பொடியைப் போடலாமே என்று பலர் சொல்வார்கள். அறிவியலாகப் பார்த்தால் சரிதான், சீனியைவிட அதன் மூலக்கூறு சின்னது, அதே எடைக்கு உறைநிலையை அதிகம் இறக்கும், இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. சீனியின் இனிப்பில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அரை லிட்டர் கலவைக்கு 50 கிராம், மிக்ஸியில் பொடித்துப் போடலாம். இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே குளிரில் படிகமாகி நறநறக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, நம் உடம்பே அதைக் கொஞ்சம் தயாரிக்கிறது. இருந்தாலும் ஸ்டென்ட் வைத்த மனுஷருக்கு ஒரு ஐஸுக்காக எதற்கு அந்தச் சோதனை? இதய மருத்துவர் சரி என்றால் போடுங்கள், அதுவரை டப்பாவை வாங்கவே வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் சீனிக்குப் பதிலாக விற்கும் இன்னொரு பொருளின் பெயரையும் கவனியுங்கள்: சைலிட்டால். நாய்க்கு அது விஷம், தரையில் சிந்தியதை நக்கினாலும் ஆபத்து.

இளக்கத்துக்கு இன்னொரு வழி கொழுப்பு. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஃப்ரெஷ் கிரீமையும் கெட்டித் தேங்காய்ப்பாலையும் கலந்து அருமையாகச் செய்கிறார்கள், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். அதுவும் ஸ்டென்ட்காரருக்குத் தினம் தினம் ஆகாது, இரண்டிலும் இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அப்படியானால் என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிறது, பட்டர் ஃப்ரூட்.

கீழ்ப்பழனி மலைக் காபித் தோட்டங்களில் விளைகிற பழம் உங்கள் மார்க்கெட்டுக்குத்தானே இறங்குகிறது, தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டிகேடி 1 என்று தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. 100 கிராம் சதையில் 15 கிராம் கொழுப்பு, பெரும்பாலும் இதயத்துக்கு நல்ல வகை. மாவுச்சத்து 8, 9 கிராம் என்றாலும் அதில் ஆறு ஏழு கிராம் செரிக்காத நார். அந்தக் கொழுப்பால் உறைந்த பிறகும் ஓரளவு மென்மை மிஞ்சும்.

அதற்குத் துணை, தொங்கவிட்ட தயிர். பாலைச் சுண்டவைத்தால் லாக்டோஸ் உள்ளேயே தங்கும் என்றேன் இல்லையா, தயிரில் நேர் எதிர். அரை லிட்டர் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி நாலைந்து மணி நேரம் குழாயில் தொங்கவிடுங்கள். சொட்டுகிற தெளிந்த தண்ணீரோடு லாக்டோஸில் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. நன்றாகப் பழுத்த பெரிய பட்டர் ஃப்ரூட் ஒன்று, அமுக்கினால் விரல் பதிய வேண்டும், காயாக இருந்தால் கசக்கும். தொங்கவிட்ட தயிர் ஒரு கப். இருபது பாதாமை இரவே ஊறவைத்துத் தோல் உரித்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மையாக அரைத்தது. இனிப்பில்லாத கொக்கோ பவுடர் இரண்டு டேபிள்ஸ்பூன். குடிக்கிற சாக்லேட் பவுடர் வேண்டாம், அதில் சீனி இருக்கும். ஃபில்டரின் முதல் டிகாஷன் இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஸ்டீவியாவோ சுக்ராலோஸோ நாக்கில் வைத்துப் பார்த்து ஒரு படி தூக்கலாக, ஏனென்றால் குளிர்ந்ததும் இனிப்பு மந்தமாகத் தெரியும். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து அகலமான டிபன் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஓரம் இறுகி நடு கொழகொழவென்று இருக்கும், அப்போது எடுத்துத் திரும்ப ஒரு அடி. இந்த இரண்டாவது அடியை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், பெரிதாக வளர ஆரம்பித்த பனித்துகள்கள் உடைவது அதில்தான். பிறகு எட்டு சின்ன அச்சிலோ சின்ன எவர்சில்வர் டம்ளரிலோ ஊற்றலாம். கணக்குப் பார்த்தால் நாரைக் கழித்து ஒன்றுக்கு இரண்டு மூன்று கிராம்தான் மாவுச்சத்து. சாப்பிடப் பதினைந்து நிமிடம் முன்பு ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்கிவிடுங்கள். அவரிடம் பட்டர் ஃப்ரூட் என்று முதலிலேயே சொல்லாதீர்கள், கொக்கோ பச்சை நிறத்தை மறைத்துவிடும். குல்ஃபி என்றும் சொல்லாதீர்கள், குல்ஃபியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், சாக்லேட் ஐஸ் என்று சொன்னால் இரண்டாவது கேட்பார்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் இதைவிடப் பிடித்தது நீர்மோர் குச்சி ஐஸ். கல் மாதிரி இருக்கிறதே என்ற கவலையே இல்லை, குச்சி ஐஸ் என்றால் கல்லாகத்தானே இருக்க வேண்டும்! கொஞ்சம் புளித்த மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை அரைத்து வடிகட்டி, பெருங்காயமும் அளவாக உப்பும் போட்டு அச்சில் ஊற்றினால் முடிந்தது. மதியம் மூன்று மணி வெயிலில் சாப்பிட்டுப் பாருங்கள். நன்னாரியிலும் செய்யலாம், கடையில் விற்கும் சர்பத்தில் இல்லை, அது சீனிப்பாகு. நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கித் தட்டி, நடு நரம்பை எடுத்துவிட்டு, கொதித்த தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து இரண்டு சொட்டு ஸ்டீவியா.

எது செய்தாலும் முதல் தடவை சாப்பிடும் முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள், ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு கணக்கு. மாத்திரை போடுகிறவருக்கு என்றைக்காவது கை நடுங்கி வியர்த்துச் சர்க்கரை இறங்கினால் இந்த ஐஸைக் கொடுத்துவிடாதீர்கள், அப்போது தேவை குளுக்கோஸ் அல்லது நிஜச் சீனி. சீனியில்லாத இனிப்பு அந்த நேரத்துக்கு உதவாது.

ஃப்ரீசரில் இருக்கும் மிச்சக் குல்ஃபிகளைத் தூக்கிப் போட வேண்டாம். அச்சைக் குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் காட்டினால் தானாகக் கழன்று வரும், கத்தி வேண்டாம். ஒன்றை எடுத்து டம்ளரில் போட்டு, சூடான கெட்டி டிகாஷனை மேலே ஊற்றுங்கள். அது உங்களுக்கு.