வாசகர் கேள்வி – பதில்: சிறு கல்லூரியில் பருவநிலை அறிவியல் பேராசிரியர் பணி

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, பினாங்கில் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வாளராக இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைதான் என் ஆய்வுப்பொருள். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் இளங்கலைக் கல்லூரி) ஒன்று, பருவநிலை அறிவியலுக்கு உதவிப் பேராசிரியர் தேவை என்று விளம்பரம் செய்திருக்கிறது. முதுகலை மாணவர்களே இல்லாத, சுமார் 2,000 பேர் படிக்கும் கல்லூரி அது. கற்பித்தல் அறிக்கை, இளங்கலை மாணவர்களை ஈடுபடுத்தும் ஆய்வுத் திட்டம், மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். இதற்குமுன் இத்தகைய கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது ஒன்றிலிருந்துகூட அழைப்பு வரவில்லை. என் கட்டுரைகள் நல்ல ஆய்விதழ்களில் வந்தவை. குறை எங்கே இருக்கிறது? விண்ணப்பக் கடிதத்தை இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். ஆய்வில் உங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால், முதல் பக்கம் முழுவதும் கணினி மாதிரியின் நுட்பங்களே நிறைந்திருக்கின்றன. ‘மாணவர்’ என்ற சொல் கடைசிப் பத்தியில்தான் முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கு இது பொருந்தும். நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரியோ, பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியலைக் கற்றுத் தந்து, அவர்களையே ஆய்வுக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியரைத் தேடுகிறது.

அந்தக் கடிதத்தை யார் படிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சிறு கல்லூரியின் தேர்வுக் குழுவில் ஒரு நிலவியலாளர், ஒரு வேதியியலாளர், பெரும்பாலும் வேறு துறையிலிருந்து ஒருவர் என்று சிலரே இருப்பார்கள். வளிமண்டல அறிவியல் தெரிந்தவர் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கக்கூடும். அப்படி ஒருவர் வளாகத்தில் இல்லை என்பதற்காகத்தானே விளம்பரமே வருகிறது! ஆகவே, பாறைகளை ஆராய்பவருக்கும் பொருளாதாரம் கற்பிப்பவருக்கும் விளங்கும் மொழியில் உங்கள் ஆய்வைச் சொல்லத் தெரிந்திருப்பதே அவர்கள் பார்க்கும் முதல் தகுதியாகிவிடுகிறது. வேலையில் சேர்ந்த பிறகு, ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து பாடங்கள் உங்கள் பொறுப்பில் வரும். அவற்றில் ஒன்றாவது அறிவியல் படிக்காத மாணவர்களுக்கான அறிமுகப் பாடமாக இருக்கும்.

அந்த அறிமுகப் பாடத்தை எப்படி நடத்துவீர்கள் என்பதைக் கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே காட்டுங்கள். ‘மாணவர் மையக் கற்பித்தலில் நம்பிக்கை உடையவள்’ என்று எழுதுவதால் பயனில்லை. விண்ணப்பிக்கும் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரே ஒரு வகுப்பை எடுத்து விரித்துக் காட்டுங்கள். சூரியனிலிருந்து பூமியை வந்தடையும் ஆற்றல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,361 வாட். உருண்டையான பூமியின் பரப்பு முழுவதற்கும் அதைப் பகிர்ந்தால் நான்கில் ஒரு பங்கு, அதாவது 340 வாட் கிடைக்கிறது. அதில் 30 விழுக்காட்டை மேகங்களும் பனியும் நிலமும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. எஞ்சும் 238 வாட்டையும் பூமி வெப்பக் கதிராக வெளியேற்ற வேண்டுமானால் அதன் வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று மாணவர்களையே கணக்கிடச் செய்யலாம். கைக்கணிப்பானும், ஒரு பொருள் வெளிவிடும் கதிராற்றலை அதன் வெப்பநிலையோடு இணைக்கும் ஸ்டீஃபன்–போல்ட்ஸ்மன் விதியும் போதும். விடை 255 கெல்வின், அதாவது உறைநிலைக்கும் கீழே 18 டிகிரி செல்சியஸ். ஆனால் தரையின் உண்மையான சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி. இடையில் உள்ள 33 டிகிரி எங்கிருந்து வந்தது என்று இலக்கியம் படிக்கும் மாணவரே கேட்டுவிட்டால், அதன் பிறகு நீராவியையும் கரியமில வாயுவையும் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் அவருடைய கேள்விக்கான விடையாகிவிடும். கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-இல் ஸ்வீடன் அறிவியலாளர் ஸ்வாண்டே அர்ரேனியஸ் கையாலேயே போட்ட கணக்கையும், 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டதையும் அந்த இடத்தில் சொன்னால் மாணவர் மனத்தில் நிற்கும். வளாகத்துக்கு உங்களை அழைத்தால் மாதிரி வகுப்பு ஒன்றை நிச்சயம் நடத்தச் சொல்வார்கள். இதையே அங்கு நடத்தலாம்.

அடுத்தது ஆய்வுத் திட்டம். இப்போது நீங்கள் எழுதியிருப்பது, பெரிய கணினித் தொகுதியும் முனைவர் பட்ட மாணவர்களும் இருந்தால்தான் நடக்கும். அந்தக் கல்லூரியில் இரண்டுமே இருக்காது. கோடை விடுமுறையில் எட்டு முதல் பத்து வாரங்கள் உங்களுடன் வேலை செய்ய வரும் இரண்டு மாணவர்களும் அவர்களின் மடிக்கணினிகளுமே உங்கள் ஆய்வுக்கூடம். அதற்கு ஏற்ற கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். உலகின் கடந்தகால வானிலையைத் தொகுத்துத் தரும் ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 தரவுத்தொகுப்பு, 1940 முதல் இன்றுவரையிலான தரவுகளுடன் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் என்னும் கணினி மொழி சிறிது தெரிந்த மாணவரால் அதைக் கையாள முடியும். 2021 டிசம்பரில் கிழக்குக்கரையில் கரையேறிய காற்றழுத்தத் தாழ்வு மலேசியத் தீபகற்பத்தைக் கடந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையையும், அங்குள்ள தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கியதையும் நாம் மறக்கவில்லை. 2017 நவம்பரில் பினாங்கும் அப்படித்தான் தத்தளித்தது. இத்தகைய காற்றமைப்பு எண்பது ஆண்டுத் தரவில் எத்தனை முறை தோன்றியிருக்கிறது, அப்போது தென்சீனக் கடலின் மேற்பரப்பு எவ்வளவு வெப்பமாக இருந்தது என்ற கேள்விக்கு ஒரு மாணவர் ஒரே கோடையில் முதற்கட்ட விடை கண்டுவிடலாம். மாநாட்டில் தம் பெயரில் அதைச் சுவரொட்டியாகவும் வைக்கலாம். அங்கு பணியாற்றும் ஆசிரியர்கள் பெருமையோடு எடுத்துச் சொல்வது இதைத்தான்.

வெப்பமண்டல நாட்டிலிருந்து வருவதைக் குறையாக நினைத்து மறைக்காதீர்கள். பருவக்காற்றின் கீழ் வளர்ந்து, வெள்ளத்தையும் புகைமூட்டத்தையும் நேரில் கண்ட ஆசிரியர், குளிர்நாட்டு வானிலையை மட்டுமே அறிந்த வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் செல்வம் பெரியது என்று உறுதியாக நம்புகிறேன்.

பரிந்துரைக் கடிதங்களிலும் கவனம் தேவை. ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்’ என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே இரண்டு பக்கம், அதுவும் குறிப்பான நிகழ்வுகளோடு எதிர்பார்க்கிறார்கள். மூவரில் ஒருவராவது நீங்கள் கற்பிப்பதை நேரில் பார்த்தவராக இருக்கட்டும். அத்தகையவர் இல்லையென்றால், இந்தப் பருவத்திலேயே ஏதேனும் ஓர் இளங்கலை வகுப்பைக் கேட்டு வாங்கி நடத்தி, மூத்த விரிவுரையாளர் ஒருவரை வந்து அமரச் சொல்லுங்கள்.

இத்தகைய விளம்பரங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரும். ஆண்டு முடிவதற்குள் காணொளி நேர்காணல் முடிந்து, வளாக அழைப்பு ஜனவரி, பிப்ரவரி வாக்கில் அமையும். அங்கே மாணவர்களோடு மதிய உணவு உண்ண வைப்பார்கள். அவர்களின் கருத்தைக் குழு கேட்டுப் பெறும் என்பதால், அந்த உணவு மேசையும் தேர்வின் ஒரு பகுதியே.

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகனுக்கு அமெரிக்காவில் இதேபோன்ற கல்லூரி ஒன்றிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. ‘இவ்வளவு படித்துவிட்டு வெறும் கல்லூரி வாத்தியார் வேலையா?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். பல்கலைக்கழக வாய்ப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்லலாமா?
ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: காத்திருக்கச் சொல்லாதீர்கள். நம் ஊர்த் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டு உறவினர்கள் தரம் பார்க்கிறார்கள். அது இங்கே பொருந்தாது. பிரபஞ்சத்தின் பின்னணிக் கதிர்வீச்சை அளந்ததற்காக 2006-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் மேத்தர் இளங்கலை பயின்றது சுவார்த்மோர் என்னும் இத்தகைய சிறு கல்லூரியில்தான். ஆனால் ஒன்றை மட்டும் உங்கள் மகன் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரந்தரப் பதவிக்கான பாதையில் சேர்ப்பவர்கள் ஏறத்தாழ ஆறாம் ஆண்டில் கற்பித்தலையும் ஆய்வையும் மதிப்பிட்டு முடிவு சொல்வார்கள். ‘வருகைதரு உதவிப் பேராசிரியர்’ என்றால் ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என்று காலம் வரையறுக்கப்பட்ட வேலை. இரண்டாவது வகையென்றால், குடும்பத்தோடு குடிபெயர்வதற்கு முன் நன்கு யோசிக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, கல்லூரி வேலை கிடைத்தால் விசா தானாகவே கிடைத்துவிடுமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கிடைத்துவிடாது. கல்லூரிதான் விண்ணப்பிக்க வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஹெச்-1பி என்னும் சிறப்புத் திறன் பணி விசாவில் ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை என்பது ஒரு வசதி. எனினும், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அதிபர் ஆணை வெளியானது. சிறு கல்லூரிக்கு அது பெருந்தொகை. எனவே, பணி வழங்கும் கடிதம் கைக்கு வந்தவுடன், கையெழுத்திடுவதற்கு முன்பே, எந்த விசாவுக்கு விண்ணப்பிப்பார்கள், அன்றைய நிலையில் கட்டணம் எவ்வளவு, அதை யார் செலுத்துவார்கள் என்று கல்லூரியின் மனிதவளப் பிரிவிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.