வேதியியல் படித்தவர் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு வரலாமா?

ஆம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பாலாற்றங்கரையில் வளர்ந்தவள். சுற்றுச்சூழல் சட்டம் படிக்க ஆசை. அதற்குத் தனிப் படிப்பு உண்டா? பள்ளிப் படிப்பு தமிழ் வழி என்பதால் ஆங்கிலத்தில் தயக்கம். வீட்டில் எம்.எஸ்சி. சேரச் சொல்கிறார்கள். சட்டம் படித்தால் பிழைப்புக்கு வழி இருக்குமா?"

சட்டம் படியுங்கள். உங்கள் வேதியியல் வீணாகாது. அதை வைத்துத்தான் இந்தத் துறையில் நீங்கள் மற்றவர்களை முந்தப் போகிறீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோல் ஆலைக் கழிவுநீர் பற்றிய ஆய்வக அறிக்கை ஒன்று வழக்கில் தாக்கலாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த குரோமியம் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். ஆற்றில் விடும் கழிவுநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 2 மில்லிகிராம். "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று ஆலைத் தரப்பு வாதிடும், பலரும் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் அதிக நச்சுள்ள ஹெக்சாவேலண்ட் குரோமியத்துக்கு வரம்பு தனி, வெறும் 0.1 மில்லிகிராம். அறிக்கையில் அதை அளந்திருக்கிறார்களா? மாதிரி எங்கே எடுத்தது, எந்த நேரத்தில், யார் முன்னிலையில்? இந்தக் கேள்விகள் உங்களுக்குச் சட்டென்று தோன்றும். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதிபதிகளோடு அறிவியல் படித்த நிபுணர் உறுப்பினர்களும் அமர்ந்து விசாரிக்கிறார்கள். அங்கே நாவன்மையைவிட இந்த எண்கள் பேசும்.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். வழக்கறிஞராக உங்களுக்கு வேண்டியது 3 ஆண்டு எல்எல்.பி. சுற்றுச்சூழல் சட்டம் அதில் கட்டாயப் பாடம். பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 45, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீத மதிப்பெண் தேவை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை, பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். அதனால் கடைசிப் பருவத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அஞ்சல் வழி எல்எல்.பி. என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

சிறப்புப் படிப்பு அதற்குப் பிறகுதான். சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சட்டத்துக்கென்றே எல்எல்.எம். என்ற முதுநிலைப் பட்டப்படிப்புப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி தொலைநிலையில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது, வேலை பார்த்துக்கொண்டே அதைப் படிக்கலாம். எல்எல்.எம்.முக்கு அவசரம் வேண்டாம். ஆசிரியப் பணிக்குப் போவதாக இருந்தால் அது கட்டாயம் வேண்டும். வழக்காடுவதுதான் விருப்பம் என்றால், முதலில் இரண்டு வருடம் ஒரு நல்ல சீனியரிடம் இருங்கள்.

கல்லூரி சொல்லித் தருவது சட்டப் பிரிவுகளை. வழக்குக் கோப்புகளைத் தேதி பார்த்துப் படிக்கும் பழக்கத்தை நீங்களேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தார் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் வரும் ஆலைக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய என்னிடம் வந்தார்கள். ஆவணங்களை அடுக்கடுக்காகக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். வாதங்களும் வலுவானவை. ஆனால் உத்தரவு தெரிய வந்து 94 நாள் ஆகியிருந்தது. சட்டம் கொடுப்பது 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் தீர்ப்பாயம் நினைத்தாலும் ஏற்க முடியாது. நான்கு நாள் தாமதத்தில் அந்தக் கதவு மூடிவிட்டது. அன்று அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் மனதை அறுக்கிறது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14, 15, 16ஆம் பிரிவுகளில் உள்ள காலக்கெடுக்களை நீங்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பழைய புத்தகங்களை வைத்துத் தேர்வுக்குப் படிக்காதீர்கள். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனைகள் 2023 திருத்தத்தால் பெரும்பாலும் பண அபராதமாக மாறிவிட்டன. நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 2024 திருத்தமும் அதே வழியில் போயிருக்கிறது. இது நல்லதுக்கா என்று எனக்குக் கவலை உண்டு. ஆனால் சட்டம் இப்போது இதுதான்.

படிக்கத் தொடங்க உங்கள் ஊர் வழக்கே போதும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதை அதில் பதிவு செய்திருக்கிறார்கள். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். அப்புறம், அதே பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். தீர்ப்பு வாங்குவதற்கும் அதை நடைமுறைப்படுத்துவதற்கும் நடுவே எவ்வளவு வேலை கிடக்கிறது என்று புரியும்.

பிழைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முதல் சில வருடம் கிராமத்தார் வழக்குகளை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துவது கடினம். சொத்து, நுகர்வோர் வழக்குகளும் பாருங்கள். ஆலைகளுக்கு இசைவாணை (மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி), கழிவு மேலாண்மை விதிகள் பற்றி ஆலோசனை சொல்லும் வேலைக்கு நல்ல வருமானம் உண்டு. ஓர் ஆலையை ஒழுங்காக நடத்த வைப்பதும் ஆற்றுக்குச் செய்யும் உதவிதான்.

ஆங்கிலத் தயக்கம்? தீர்ப்புகளைத் தினம் இரண்டு பக்கம் படித்தால் ஒரு வருடத்தில் போய்விடும். உங்கள் தமிழ்தான் இங்கே அரிதான பொருள். பெரிய ஆலை வருவதற்கு முன் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் வைக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அடுத்த கூட்டம் அறிவித்தால் ஆட்சியர் அலுவலகத்தில் போய் இரண்டு சுருக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் தமிழில் விடுபட்டுப்போன ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.